எம்ஜிபி மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “அண்ணா, கார்புரேட்டரை முழுசாக் கழற்றிச் சுத்தம் பண்ணிட்டேன், இன்னும் ஸ்டார்ட் ஆகல.” போய்ப் பார்த்தால் கார்புரேட்டரில் ஒரு குறையும் இருக்காது. பேட்டரியை வண்டி உடம்போடு இணைக்கும் எர்த் ஒயரில் பச்சை பூத்திருக்கும், இல்லையென்றால் ஸ்பார்க்குக்கு உதவும் சின்ன மின்பாகமான கண்டென்சர் போயிருக்கும். இங்கிலாந்துக்கு வந்த பிறகு நான் வாங்கிய முதல் பழைய வண்டி எம்ஜிபி (MGB) என்ற ஸ்போர்ட்ஸ் கார். அதையும் நண்பர்களின் வண்டிகளையும் பல வருடமாகத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட, 1798 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சினும் இரட்டை எஸ்யூ (SU) வகைக் கார்புரேட்டரும் கொண்ட பிரிட்டிஷ் வண்டிக்கானது இது. திறந்த ரோட்ஸ்டர், கூரையுள்ள ஜிடி இரண்டுக்கும் பொருந்தும். எந்த அறிகுறியானாலும் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள், அடுத்து பெட்ரோல். ஸ்பேனரைக் கடைசியாகக் கையில் எடுத்தால் போதும்.

## வாங்கப் போன இடத்தில்: பெயிண்ட் பளபளக்கிறது, கதவு மட்டும் சரியாகச் சேரவில்லை

இந்த ஒரு அறிகுறியை விட்டுவிட்டால் மற்ற எல்லாச் செலவும் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில் என்ற பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு. அதற்குள் நீளவாக்கில் இன்னொரு தகடு இருக்கிறது. துரு உள்ளிருந்து ஆரம்பிக்கும், வெளியே கொப்புளம் தெரியும்போது உள்தகடு பாதி கரைந்திருக்கும். கூரை இல்லாததால் ரோட்ஸ்டரில் இது இன்னும் மோசம்.

பார்க்கும் வரிசை இது:

1. கதவின் பின்விளிம்புக்கும் பின்பக்க உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா? மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது.
2. சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில்லின் மேல் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது.
3. முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவுங்கள். மண் கட்டியாக இருந்தால் அங்கே ஈரம் வருடக்கணக்கில் தங்கியிருக்கிறது என்று அர்த்தம்.
4. கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் பேட்டரி இருக்கும் தட்டையும் பாருங்கள்.
5. உரிமையாளர் சம்மதித்தால், சில்லின் நடுவே உள்ள ஜாக் பாயிண்டில் மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது கதவு இடைவெளி மாறினாலோ, கதவு பிடித்துக்கொண்டாலோ சில் போய்விட்டது. வண்டிக்கு அடியில் மட்டும் தலையை விடாதீர்கள்.

ஒரு மழை நாளில் 1972-ஆம் வருடத்துச் சிவப்பு ரோட்ஸ்டர் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பெயிண்டில் முகம் பார்க்கலாம். சில்லின் மேல் பளிச்சென்று ஒரு எவர்சில்வர் பட்டை ஒட்டியிருந்தார்கள். அதற்கு ஒரு விரல் கீழே காந்தத்தை வைத்தேன், நழுவித் தரையில் விழுந்தது. பத்து இடத்தில் வைத்துப் பார்த்தேன், இரண்டில்தான் நின்றது. டிரைவர் பக்கத்துக் கார்ப்பெட்டைத் தூக்கியதும் ஓரத்தில் ஐம்பது பைசா அளவு ஓட்டை, அதன் வழியே ஈரமான சரளைக்கல் தெரிந்தது. எஞ்சின் மட்டும் தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வாங்காமல் திரும்பிவிட்டேன். எஞ்சின் கெட்டு உடம்பு நன்றாக இருக்கிற வண்டி கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், இந்த மாதிரி வண்டியை வாங்கவே கூடாது.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: சில் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். கதவைப் பொருத்தி வைத்து, உடம்புக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பழைய சில்லை வெட்ட வேண்டும். முட்டு இல்லாமல் வெட்டினால் வண்டி வளைந்த நிலையிலேயே வெல்டாகிவிடும், பிறகு எந்தக் கதவும் சேராது. பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டித் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். உடம்பு முழுவதும் போயிருந்தால் வேறு வழியும் இருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபிக்குப் புது உடல்கூடே செய்து விற்கிறது. விலை கையைக் கடிக்கும்.

இன்னொரு விஷயம். 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 மே முதல் பிரிட்டனில் எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை. அதனால் “எம்ஓடி தேவையில்லாத வண்டி” என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுவார்கள். பதிவு எண்ணைக் கொடுத்தால் பழைய சோதனை முடிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கடைசிச் சோதனையில் துரு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். வாங்கிய பிறகும் வருடத்துக்கு ஒருமுறை விருப்பச் சோதனைக்குக் கொண்டுபோங்கள். நான் தவறாமல் போகிறேன்.

## சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது ‘டக்’ என்று ஒரே சத்தம்

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

லைட் அணைந்துபோகிறது அல்லது ரொம்ப மங்குகிறது: பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது இணைப்பில் கோளாறு. 1970-களின் நடுப்பகுதி வரை வந்த வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். இரண்டையும் இணைக்கும் குறுக்கு ஒயரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டெர்மினல்களைக் கழற்றிச் சுரண்டி, வாஸ்லின் தடவி மாட்டுங்கள். எர்த் ஒயர் உடம்போடு சேரும் போல்ட்டையும் கழற்றி, பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேயுங்கள்.

லைட் கொஞ்சம் மங்குகிறது, செல்ஃப் முனகிக்கொண்டு சுற்றுகிறது: எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு உடம்போடு எர்த் கொடுப்பது கீழே இருக்கும் ஒரு பின்னல் பட்டைதான். அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ மின்சாரம் வேறு வழி தேடும். செல்ஃபை ஐந்து விநாடி போட்டுவிட்டு சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்த மெல்லிய கம்பி வழியாகத்தான் அத்தனை மின்சாரமும் போகிறது. புதுப் பட்டை சில பவுண்டுதான். இதைப் பார்க்காமல் செல்ஃப் மோட்டாரையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

லைட் அப்படியே எரிகிறது, சத்தம் இல்லை: செல்ஃபுக்கு மின்சாரமே போகவில்லை. ரிலேயிலோ, செல்ஃபுக்கு மின்சாரம் திறந்துவிடும் சொலினாய்டிலோ வரும் மெல்லிய ஒயரை டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். சாவி திருப்பும்போது பல்ப் எரிந்தால் குறை சொலினாய்டில் அல்லது செல்ஃபில். எரியாவிட்டால் சாவி சுவிட்சிலோ ஒயரிலோ.

வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் போடும் முன் நிறுத்துங்கள். 1967 வரை வந்த எம்ஜிபிக்கள் பாசிட்டிவ் எர்த். பிறகு வந்தவை நெகட்டிவ் எர்த். பழைய வண்டி சிலவற்றை நடுவில் யாரோ மாற்றியும் இருப்பார்கள். எந்த முனையிலிருந்து ஒயர் உடம்புக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே கேபிளைத் தொடுங்கள்.

## செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வலது பின்சக்கரத்துப் பக்கம் இருக்கும் எஸ்யூ பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக் டிக்’ என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நிற்க வேண்டும்.

டிக் சத்தமே இல்லை: பம்ப் உடலை மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். உயிர் வந்தால் உள்ளே இருக்கும் பாயிண்ட் (திறந்து மூடும் மின்முனை) கருகியிருக்கிறது. வீடு போய்ச் சேரலாம், ஆனால் அந்த வாரமே பம்பைச் சரிசெய்யுங்கள். தட்டியும் அசையவில்லையென்றால் பம்பின் எர்த் ஒயரைப் பாருங்கள். அது சக்கரச் சேறு தெறிக்கும் இடத்தில் இருக்கிறது.

நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது: டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்ரோல் முள்ளை நம்பாதீர்கள். இருந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று உறிஞ்சுகிறது, இல்லாவிட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் மிதவை ஊசி மூடாமல் பெட்ரோல் வழிகிறது.

அடித்து நிற்கிறது, அதாவது பெட்ரோல் சரி: இனி ஸ்பார்க். பழைய பிளக் ஒன்றை ஒயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் போடச் சொல்லுங்கள். பெட்ரோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யாதீர்கள். நீலப்பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக, நோஞ்சானாக வந்தாலோ வராமலே போனாலோ இந்த வரிசையில் போங்கள்:

- ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம். உலர்ந்த துணியால் துடையுங்கள். இங்கிலாந்தின் நவம்பரில் பாதி வண்டிகள் இதிலேயே கிளம்பிவிடும்.
- டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. முகம் கருத்திருந்தால் மாற்றுங்கள்.
- ரோட்டர், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் துண்டு. தலையில் ரிவெட் அடித்த மலிவு ரோட்டர்கள் உள்ளுக்குள்ளேயே ஒழுகி ஸ்பார்க்கைத் தின்றுவிடும். ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டர் வாங்குங்கள்.
- கண்டென்சர். புதிது என்பதற்காக நம்பிவிட வேண்டாம். புதிதாகப் போட்டதே ஒரு மாதத்தில் போனதைப் பார்த்திருக்கிறேன்.
- டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் மெல்லிய ஒயர். உறை நன்றாக இருக்கும், உள்ளே கம்பி முறிந்திருக்கும். விரலால் மெல்ல ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும்.
- ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் கடைசி.

## இருபது மைல் நன்றாக ஓடுகிறது, சூடானதும் இருமிவிட்டு நின்றுவிடுகிறது

அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். “பெட்ரோல் ஆவியாகிறது” என்று எல்லோரும் சொல்வார்கள். சில நேரம் உண்மை. பல நேரம் சூட்டில் கண்டென்சரோ காயிலோ படுத்துவிடுகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல நின்ற அந்த நிமிடத்தில்தான் முடியும், வீட்டுக்கு வந்த பிறகு முடியாது. அதனால் டிக்கியில் ஒரு பழைய பிளக்கும், நன்றாக ஓடியதென்று உறுதியாகத் தெரிந்த ஒரு கண்டென்சரும் எப்போதும் வைத்திருங்கள்.

நின்றதும் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்குக்கு மூச்சு வழி அடைத்திருக்கிறது, வேலை முடிந்தது. இல்லையென்றால் ஸ்பார்க் பாருங்கள். ஸ்பார்க் இல்லை என்றால் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். காயிலைத் தொட முடியாத அளவு சுட்டால் அதையும் சந்தேகப்படுங்கள். ஸ்பார்க் நன்றாக இருந்தால் அப்போது பெட்ரோல் பக்கம் வாருங்கள்: பம்ப் வேகமாக அடிக்கிறதா, கார்புரேட்டருக்குப் பின்னால் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா, பெட்ரோல் குழாய் எஞ்சினை ஒட்டிப் போகிறதா.

2021 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் சாதாரணப் பெட்ரோல் என்றால் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கி உதிர வைக்கும். உதிர்ந்த துகள் மிதவை ஊசியில் போய் மாட்டும். இ5 சூப்பர் பெட்ரோல் போடுங்கள், குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாக் குழாயையும் ஒரே நாளில் மாற்றுங்கள். இதில் சிக்கனம் பார்த்தால் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது.

## பெட்ரோல் வாசம், கார்புரேட்டர் கீழே சொட்டுகிறது

எஞ்சினை உடனே நிறுத்துங்கள். மிதவை ஊசியில் தூசு மாட்டியிருக்கும். மிதவை அறையின் மூடியை ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். நின்றால் நல்லது. நிற்காவிட்டால் மூடியைக் கழற்றி ஊசியையும் அது உட்காரும் இடத்தையும் மாற்றுங்கள். மிதவையை ஆட்டிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அது ஓட்டை.

## இழுவை இல்லை, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தடுமாறுகிறது

மேலே சொன்ன ஸ்பார்க் வேலைகள் எல்லாம் சரி என்ற பிறகே இங்கே வாருங்கள். எஸ்யூவின் தலையில் இருக்கும் கறுப்பு அல்லது பித்தளை மூடியைத் திருகித் தூக்குங்கள். அதோடு ஒரு சிறு தண்டு வரும். திரும்ப இறக்கும்போது, மூடி மேலே வந்து உட்காரும் முன்பே எண்ணெயின் எதிர்ப்பு விரலில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எஸ்யூவுக்கு விற்கும் மெல்லிய எண்ணெயை ஊற்றுங்கள். இந்த ஒரு நிமிட வேலை பாதிப் பேருக்குப் போதும்.

அப்புறம் காற்று வடிகட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். ‘டொக்’ என்று விழ வேண்டும். தயங்கி இறங்கினால் அழுக்கு. பெட்ரோலில் நனைத்த துணியால் துடையுங்கள், உப்புத்தாள் போடவே போடாதீர்கள்.

கலவை பார்க்க, எஞ்சின் சூடாக ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஒரு கணம் கூடி அடங்கினால் சரி. கூடியபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம். உடனே படுத்தால் பெட்ரோல் குறைவு. வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.38 மி.மீ. எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் சிலிண்டர் அழுத்தம் பார்க்கக் கொடுங்கள்.

## டிராஃபிக்கில் நின்றால் சூடு ஏறுகிறது

தண்ணீர் அளவு, ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட் என்ற வரிசையில் போங்கள். அதற்கு அடுத்தது பலரும் விடுவது: டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், தாமதமாக இருந்தாலும் எஞ்சின் கொதிக்கும்.

எஞ்சின் பின்பக்கத்தில், நான்காவது சிலிண்டர் அருகே தண்ணீர் வடிக்கும் குழாய்த் திருகு இருக்கிறது. திறந்தால் தண்ணீர் பீறிட வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் உள்ளே சேறு இறுகியிருக்கிறது. கம்பியால் குத்திப் பார்த்தால் காப்பித்தூள் நிறத்தில் கசடு வரும். ரேடியேட்டரைப் புதிதாக மாற்றியும் தீராத பல கேஸ்கள் இந்தச் சேற்றில்தான் முடிந்தன.

ரேடியேட்டர் வாயில் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கிறது. எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணெய் போல் படிந்திருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், குளிர்காலத்தில் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓட்டினாலும் அது வரும். அளவுக் குச்சியிலும் அதே வெண்ணெய் இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## ஆயில் பிரஷர் இறங்குகிறது

சூடாக ஓடும்போது 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 10 முதல் 25. அதற்குக் கீழே போனால் முதலில் எண்ணெய் 20டபிள்யூ-50 தானா என்று பாருங்கள். நவீன வண்டிகளின் மெல்லிய எண்ணெய் இதற்கு ஆகாது. அடுத்து வேறொரு மீட்டர் போட்டுப் பாருங்கள். பிறகு எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங். இவை எல்லாம் சரி, அடியிலிருந்து ‘தட தட’ என்ற சத்தமும் இருக்கிறது என்றால் பேரிங். மேலும் ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள்.

## ரிவர்ஸ் போடும்போது கரகரக்கிறது

கிளட்ச் முழுதாக விடவில்லை. கிளட்ச் மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும் என்பதால் அவசரப்படாதீர்கள். பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் சின்னப் பின்னைக் கழற்றிப் பாருங்கள். பின் தேய்ந்து பாதியாகி, துளை முட்டை வடிவமாகியிருக்கும். பெடலின் பாதி ஓட்டம் அங்கேயே வீணாகும். அடுத்து கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்குங்கள், ஈரமாக இருந்தால் கசிவு. இரண்டும் சரியாக இருந்தால்தான் எஞ்சினை இறக்கும் பேச்சு.

## ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை

ஓவர்டிரைவ் என்பது வேகமாகப் போகும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்ற உதவும் கூடுதல் கியர். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, நான்காவது கியரில் வைத்து, ஓவர்டிரைவ் சுவிட்சைப் போடுங்கள். கியர்பாக்ஸ் பக்கமிருந்து ‘க்ளிக்’ கேட்கிறதா?

கேட்கவில்லை: மின்சாரம். கியர்பாக்ஸ் அருகே தொங்கும் இணைப்புகள், பிறகு கியர்பாக்ஸ் மேல் உள்ள சுவிட்ச், கடைசியாக சொலினாய்டு.

கேட்கிறது, ஆனால் பிடிக்கவில்லை: கியர்பாக்ஸ் எண்ணெய் அளவைப் பாருங்கள். ஓவர்டிரைவும் அதே எண்ணெயில்தான் ஓடுகிறது. இதிலும் 20டபிள்யூ-50 தான். எண்ணெய் சரி என்றால் வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். அதற்கு மேல் நிபுணரிடம் விடுங்கள்.

போட்டது விடவே இல்லை: வண்டியைப் பின்னோக்கி நகர்த்தாதீர்கள். ரிவர்ஸ் கியரிலும் கூடாது, கையால் தள்ளியும் கூடாது. உள்ளே இருக்கும் ஒருவழிக் கிளட்ச் நொறுங்கி ஓவர்டிரைவே போய்விடும். முன்னோக்கியே ஓட்டி ஒதுங்குங்கள், லாரியில் ஏற்றுங்கள்.

## ஸ்டீயரிங் உதறுகிறது, அல்லது கிளம்பும்போது ‘க்ளங்க்’

முன்சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின். கிங்பின்னுக்கு ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள். 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் பல்லாண்டு வரும், அடிக்காவிட்டால் சீக்கிரமே மாற்ற வேண்டிவரும்.

கம்பி ஆரச் சக்கரம் என்றால் பிரேக்கை மிதித்தபடி சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். ஹப் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் உள்ளே பல் தேய்ந்துவிட்டது. சக்கரத்தையும் ஹப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த ஹப்பில் போட்ட புதுச் சக்கரம் சீக்கிரம் தேயும்.

## பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது பெடல் அமுங்கிப்போகிறது

பார்க்கலாம், சரிசெய்ய வேண்டாம். சக்கரத்தின் உள்பக்கம் ஈரம், வெடித்த ரப்பர் குழாய், நகராத காலிப்பர் எது என்று கண்டுபிடித்து வைத்தால் மெக்கானிக்குக்கு நேரம் மிச்சம். பிரேக் திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

## குளிர்காலம் முழுக்க நிறுத்திவிட்டு எடுத்தால் வண்டி நகரவில்லை

நியூட்ரலில் தள்ளினாலும் நகரவில்லை: பின்பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, டிரம்மைச் சுற்றிலும் ரப்பர் சுத்தியால் தட்டுங்கள்.

தள்ளினால் நகர்கிறது, கிளட்ச் மிதித்தாலும் கியர் விழவில்லை: கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டிவிட்டது. எஞ்சினை ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றி நிறுத்துங்கள். முன்னால் காலி இடம் இருக்க வேண்டும். நான்காவது கியரில் போட்டு, கிளட்சை முழுதாக மிதித்து, பிரேக்கையும் அழுத்தியபடி ஒரே ஒரு கணம் செல்ஃபைத் தட்டுங்கள். ‘பட்’ என்று விட்டுவிடும். இரண்டு முறைக்கு மேல் முயல வேண்டாம், அதற்கு மேல் ஆள்தான்.

அடுத்த அக்டோபரில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கிளட்ச் பெடல் அமுங்கியே இருக்கும்படி அதற்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு மரச் சட்டத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.